பன்னிரண்டு சுற்று

அந்த ஊருக்கு ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். இரண்டையும் சேர்த்து ஒரு கால்வாய் ஓடியது. கால்வாயின் குறுக்கே ஓர் இரும்பு மதகு. மதகுக்கு மேற்கே நல்ல தண்ணீர், கிழக்கே உப்புத் தண்ணீர். மதகுக்காரி இருபத்திரண்டு வருடமாக அந்த மதகின் மேல்தான் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டு பக்கத்து மீன்களுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஏரியில் நடைவிரால் என்று ஒன்று உண்டு. மழை பிடித்துக்கொண்டால் கரையேறி, துடுப்பை ஊன்றித் தெருவுக்குள் நடந்து வந்துவிடும். யார் வீட்டு அடுக்களையில் நுழைகிறதோ அவர்களேதான் அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஏரியில் விட வேண்டும். கோபக்கெளுத்தி என்று இன்னொன்று. அதன் பக்கத்தில் நின்று யாராவது சத்தமாகச் சிரித்தால் பூசணிக்காய் அளவுக்கு உப்பிக்கொண்டு ஒரு நாள் முழுக்க இறங்காது. கடல் பக்கம் தலைகீழான் என்கிற மீன், செத்துப்போன மாதிரி வயிற்றைக் காட்டியபடியே வாழ்நாளெல்லாம் நீந்தும். கண்ணாடி வாளை கண்ணுக்கே தெரியாது. வெயிலில் தரையில் விழும் அதன் நிழலைப் பார்த்துத்தான் வலை வீசுவார்கள்.

இந்தக் கதைக்கு வேண்டிய மீன்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஏரியில் இருந்த மணிக்கெண்டை. உள்ளங்கை நீளம், செம்பு நிறம். ஏரியின் அடித்தரையிலேயே கிடந்து பாசியைத் தின்னும். தின்னும்போது செவுள் மூடிகள் ஒன்றோடொன்று உரசி, சின்ன மணிகளைத் தட்டில் கொட்டியது மாதிரிச் சத்தம் வரும். ஆயிரக்கணக்கில் இருந்ததால் ஊர் முழுவதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவை பாசியைத் தின்று தீர்த்ததால்தான் ஊர் ஏரித் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குடித்தது. உப்பு ஒரு துளி பட்டாலும் அவை தாங்காது.

இன்னொன்று கடலின் தீச்சாளை. அதன் எண்ணெயில்தான் ஊர் விளக்கெல்லாம் எரிந்தது. தண்ணீரை விட்டு எடுத்த உடனே அதன் உடம்பு சூடேறத் தொடங்கும். ஈர மணலில் புதைத்து வைத்தால் அடங்கிக் கிடக்கும். மணல் காய்ந்தால் கூடை கருகும், அதற்கும் மேலே போனால் படகே பற்றிக்கொள்ளும்.

மதகைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். காலையிலிருந்து மதியம் வரை நெட்டையர், மதியத்திலிருந்து பொழுது சாயும் வரை மதகுக்காரி. நெட்டையருக்கு ஐம்பத்தெட்டு வயது. வாசல் நிலையில் குனிந்துதான் நுழைவார். அவளை வேலையில் சேர்த்துக்கொண்ட முதல் நாள், சக்கரத்தை எப்படிப் பிடித்தால் தோள்பட்டை நோகாது என்று காட்டிக்கொடுத்தது அவர்தான். அவரை அவள் அண்ணன் என்றாள், அவர் மனைவியை அண்ணி என்றாள். வாய்ச் சொல்லாக இல்லை. புருஷனை இழந்து அவள் நின்ற வருடத்தில் இரண்டு மாதம் அவளுக்குச் சோறு போட்டவள் அண்ணிதான்.

மதகுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. கடல் வற்றி, ஏரியைவிடத் தாழ்வாக இருக்கும்போதுதான் திறக்கலாம். அப்போது நல்ல தண்ணீர் வெளியே போகும், படகுகளைக் கயிறு கட்டி உள்ளே இழுத்துக்கொள்ளலாம். கடல் ஏறத் தொடங்கினால் மூடிவிட வேண்டும். சக்கரம் பன்னிரண்டு சுற்று, அதில் கடைசிச் சுற்று மீந்த சந்தை இறுக்க மட்டும். பன்னிரண்டும் சுற்றினால் ஊசி நுழையாது.

அன்றைக்கு நெட்டையர் மதகை மூடி, பதிவேட்டில் நேரத்தை எழுதி, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். போன பிறகுதான் அவருடைய குடை ஆணியில் தொங்குவதை அவள் பார்த்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள், அவர் அதற்குள் தெருமுனை தாண்டியிருந்தார்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கடல் பக்கத்திலிருந்து ஊதுகுழல் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவளுடைய தம்பியின் படகு. நடுவிலிருந்து மெல்லிசாகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

"அக்கா, திற" என்றான் தம்பி, கீழேயிருந்து.

"கடல் ஏறிக்கிட்டிருக்குடா. நாலு மணி நேரம் ஆகும்."

"நாலு மணி நேரம் தாங்காதுக்கா. மணல் காஞ்சுபோச்சு. அடிக்கூடை எல்லாம் புகையுது பாரு."

"தண்ணிய ஊத்து."

"இப்ப ஊத்தினா எல்லாம் வெந்துபோகும். எவன் வாங்குவான்? துறையில மணல்தொட்டிக்குக் கொண்டுபோயிட்டாப் போதும். ஒரே நிமிஷம். பாதி திறந்தாக்கூடப் போதும்க்கா, நுழைஞ்சுருவேன்."

அவள் தண்ணீர் மட்டக் கல்லைப் பார்த்தாள். கடல் ஏரியைவிட இரண்டு முழம் உயரத்தில் நின்றது.

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. மீனைக் கடலில் கொட்டு. கொட்டியிருந்தால் புகை நின்றிருக்கும், மதகைத் திறக்காமலே படகும் அவனும் தப்பியிருக்கலாம். ஆனால் முந்தின மூன்று தடவையும் அவன் வெறும் வலையோடு திரும்பி வந்திருந்தான். அவன் மனைவிக்கு நிறைமாதம். எட்டு வயதில் தாயில்லாப் பிள்ளையாக இவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு தூங்கியவன், முகமெல்லாம் கரி பூசிக்கொண்டு கீழே நின்று சிரித்தான். சிரிப்பில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. அவளுக்கு வாய் வரவில்லை.

"யாருக்கா பாக்கப்போறா" என்றான்.

அவள் சக்கரத்தைப் பிடித்தாள். முதல் சுற்று அசையவே இல்லை. உடம்பு முழுவதையும் அதில் தொங்கவிட்ட பிறகுதான் இளகியது. எண்ணி ஆறு சுற்று திறந்தாள். கடல் ஒரே மூச்சில் உள்ளே பாய்ந்தது. தம்பியின் படகு பந்து மாதிரி எகிறி வந்து விழுந்தது.

ஒரு நிமிஷம் என்று நினைத்துத் திறந்தது, மூடும்போது முரண்டு பிடித்தது. பாயும் தண்ணீருக்கு எதிராகச் சக்கரம் திரும்பவில்லை. தம்பி படகைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடிவந்தான். இருவரும் சேர்ந்து முட்டுக்கொடுத்து, உள்ளங்கைத் தோல் உரிய, ஒவ்வொரு சுற்றாக மூடினார்கள். மூடி முடித்தபோது இரண்டு பேரின் சட்டையும் பிழிய வேண்டிய நிலையில் இருந்தது.

தம்பி மீனை இறக்க ஓடிவிட்டான். அவள் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. மேலே இருந்த தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள், இனித்தது. உப்புத் தண்ணீர் கனமானது, அடியில்தான் போய்த் தங்கும் என்பது மதகில் வேலை பார்க்கும் யாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அன்று அதை நினைக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள். பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஊர் எழுந்தபோது ஏதோ சரியில்லை என்று எல்லோருக்கும் தோன்றியது. என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை. பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் பல் விளக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார்கள். மணிச் சத்தம் இல்லை.

வெயில் ஏற ஏற மீன்கள் மிதந்து மேலே வந்தன. ஏரி முழுக்கச் செம்புத் தகடு வேய்ந்தது மாதிரி இருந்தது. ஊரே இறங்கிக் கூடை கூடையாக வாரியது. நெட்டையர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, எல்லோரும் போன பிறகும் வாரிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நீர் அலுவலகத்தில் விசாரணை. அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மாள், அதட்டிப் பேசாதவர். அவருடைய மேஜைமேல் அடித்தரைத் தண்ணீர் நிரப்பிய சீசா ஒன்று இருந்தது, பக்கத்தில் பதிவேடு. எதிரே நெட்டையரும் மதகுக்காரியும் நின்றார்கள்.

"மதகு வழியாத்தான் உப்பு வந்திருக்கு. வேற வழி இல்ல" என்றார் அதிகாரி. "நாலு நாளைக்குள்ள நடந்தது. அந்த நாலு நாள்லயும் மூடினது யாரு?"

"நான்தான் மேடம்" என்றார் நெட்டையர். "வற்றம் எல்லாமே காலைல வந்துச்சு. என் முறை."

"முழுசா மூடினீங்களா?"

நெட்டையர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "மூடினேன்னுதான் நெனச்சேன். பன்னிரண்டு சுத்தினேன்னுதான் மனசுல இருக்கு. ஆனா முந்தாநேத்துக்கு முந்தின நாள் குடைய மதகுலயே விட்டுட்டுப் போயிட்டேன். ஒரு சுத்தும் அப்படி விட்டுப்போயிருக்கலாம் மேடம். ராவெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். வேற காரணம் கிடைக்கல."

அதிகாரி மதகுக்காரியைப் பார்த்தார். "உங்க முறையில ஏதாவது கவனிச்சீங்களா?"

அந்தக் கேள்வி முடிந்து பதில் வருவதற்குள் ஒரு ஆள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் நேரம்தான் இருந்திருக்கும். அதற்குள் அவளுக்குத் தம்பி முகம் வந்தது, அவன் மனைவியின் வயிறு வந்தது, இருபத்திரண்டு வருடம் வந்தது.

"இல்ல மேடம்" என்றாள்.

நெட்டையரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாவிக்கொத்து முழுவதும் அவள் கைக்கு வந்தது. வெளியே வந்ததும் நெட்டையர் அவள் தோளைத் தட்டி, "உனக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேம்மா" என்றார். நின்ற இடத்திலேயே மண்ணாகிப் போனால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பிறகு ஏரியில் பாசி ஏறியது. தண்ணீர் பச்சையாகி வழுவழுத்தது. வீட்டுக்கு வீடு துணியில் வடிகட்டிக் காய்ச்சினார்கள். அப்படியும் குழந்தைகளுக்கு வயிறு கெட்டது. மேட்டு ஓடையிலிருந்து வண்டியில் வந்த தண்ணீருக்குத் தெருவில் வரிசை நின்றது. வரிசையில் நின்றவர்களுக்குப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. நெட்டையருக்கு உப்பண்ணன் என்று பேர் வைத்தார்கள். அவர் வீட்டுச் சமையலுக்கு உப்பே வாங்க வேண்டாம், அவர் கையைக் கழுவினாலே போதும் என்று ஒருத்தி சொல்ல, வரிசையே சிரித்தது. மதகுக்காரியும் குடத்தோடு அதே வரிசையில் நின்றாள். சிரிக்கவும் இல்லை, சிரிக்காதே என்று சொல்லவும் இல்லை. ஓடைத் தண்ணீர்தான் என்றாலும் அவளுக்கு மட்டும் உப்புக் கரித்தது.

ஒரு நாள் தம்பியிடம் போனாள். குழந்தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது, பெண் குழந்தை. அவன் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு முடியலடா" என்றாள்.

அவன் தலை நிமிரவில்லை. "சொல்லி என்னக்கா ஆகப்போகுது? செத்த மீனெல்லாம் எந்திரிச்சு வருமா?"

"அண்ணன ஊரே ஏசுதுடா."

"நாலு மாசம் ஏசுவாங்க, மறந்துருவாங்க. அவருக்கு வயசாச்சு, எப்படியும் ரெண்டு வருஷத்துல வீட்டுக்குப் போகவேண்டியவர்தான். நம்மளப் பாரு. உன் வேலையும் போயி, என் படகையும் கட்டிப்போட்டா இந்தப் பிள்ளை என்னத்தக் குடிக்கும்?"

அவன் பேச்சில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவன் சொன்னதெல்லாம் அவள் ஏற்கெனவே தனக்குத்தானே சொல்லிக்கொண்டவைதான்.

அடுத்த வாரம் அண்ணி மதகுக்கே வந்தாள். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று. தரையில் வைத்துப் பிரித்தாள். முதலில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. வெயில் பட்டதும் தரையில் ஒரு நிழல் விழுந்தது. கண்ணாடி வாளை. செத்துக் கிடந்தது. அண்ணியின் தொடை தடிமன் இருந்தது.

"ஏரிக்கரையில ஒதுங்கிக் கெடந்துச்சு" என்றாள் அண்ணி. "மேல மிதிச்சப்புறம்தான் தெரிஞ்சுச்சு. இது கடல் மீன்தானே?"

"ஆமாண்ணி."

"ஒரு சுத்து மூடாம விட்டா எவ்வளவு சந்து இருக்கும்?"

மதகுக்காரி விரலைக் காட்டினாள். சுண்டுவிரல்.

"அந்தச் சந்துல இவ்வளவு பெரிசு எப்படி நுழையும்? எனக்குப் படிப்பு கெடையாது. மதகப்பத்தி உனக்குத்தான் தெரியும். நீயே சொல்லு. வேற என்னமோ நடந்திருக்கு. நீ வந்து அந்த அதிகாரியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க."

அண்ணியின் கண்ணில் சந்தேகம் ஒரு பொட்டு இல்லை. உதவி கேட்டு வந்திருந்தாள்.

மதகுக்காரி குனிந்து அந்த மீனைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, தன் குரல் வேறு யாருடைய குரலோ மாதிரிக் கேட்க, "குஞ்சா நுழைஞ்சு உள்ள வளந்திருக்கும் அண்ணி" என்றாள்.

"ஒரு மாசத்துல இவ்வளவா வளரும்?"

"சில மீன் வளரும்."

அண்ணி தரையில் விழுந்த நிழலைப் பார்த்தாள். "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மீனைத் திரும்பச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனாள்.

விசாரணையில் சொன்னது ஒரு 'இல்ல'. பயத்தில் வாய் தவறி வந்தது என்று இத்தனை நாள் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பொய் அப்படியில்லை. இது அவள் உட்கார்ந்து யோசித்து, ஆள் பார்த்து, அளவு பார்த்துச் சொன்னது. அன்று வீட்டுக்குப் போய் அடுப்பே பற்றவைக்கவில்லை. அண்ணி போட்ட சோற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

மூன்று நாள் கழித்து, காலையில், நெட்டையர் திரும்ப எடுத்துப்போகாமலே ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். என்ன சொல்லப் போகிறோம் என்று முடிவு செய்திருக்கவில்லை. குடையைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுகூட நினைத்திருந்தாள்.

அண்ணி அடுக்களையில் இருந்தாள். நெட்டையர் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார், எங்கே என்று கேட்டதற்குச் சும்மா தெருமுனை வரைக்கும் என்றார். பின்கதவின் தாழ்ப்பாளைப் போட்டார். இழுத்துப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், அதில் நெருப்பே இல்லை. வாசல் வரைக்கும் வந்து மறுபடி நின்றார்.

"போட்டாச்சு. நான் பாத்தேன்" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து. பழகிப்போன குரல்.

"போட்டேன்ல?"

"போட்டுட்டீங்க."

நெட்டையர் மதகுக்காரியைப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ணுமேலயும் நம்பிக்கையில்லம்மா இப்பெல்லாம். கை செய்யுது, மனசு இல்லைங்குது. முந்தாநாள் பேத்தியத் தூக்கிட்டுக் கடைக்குப் போகச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். எங்கயாவது வெச்சுட்டு மறந்து வந்துட்டா?"

வேலையைத்தான் அவரிடமிருந்து பறித்தோம், கூடவே நல்ல பேரையும் பறித்தோம் என்று அவள் நினைத்திருந்தாள். தன் கையைத் தானே நம்புகிற நம்பிக்கையையும் சேர்த்துப் பறித்திருக்கிறோம் என்பது அந்தத் தாழ்ப்பாளைப் பார்க்கும் வரை அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, உக்காருங்க" என்றாள்.

"என்னம்மா?"

"நீங்க மூடினீங்க. பன்னிரண்டு சுத்தும் மூடினீங்க."

அவர் உட்காரவில்லை. அண்ணி கரண்டியோடு வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"அன்னைக்கு நீங்க போனப்புறம் நான்தான் திறந்தேன். என் தம்பி படகு பொகைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. கடல் ஏறிக்கிட்டிருந்துச்சு. தெரிஞ்சேதான் திறந்தேன். ஆறு சுத்து திறந்தேன்."



"பன்னிரண்டும் மூடியிருந்துச்சா?" என்றார் நெட்டையர். அவர் கேட்டது அது ஒன்றுதான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் சுத்து அசையவே இல்லண்ணே. தொங்கித்தான் இளக்கினேன். முழுசா மூடியிருந்தாத்தான் அப்படி இறுகும். ஒரு சுத்து கொறஞ்சிருந்தாலும் கைக்கு லேசா வந்திருக்கும். நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க."

"ஆமா" என்றார். "இறுகும்." அவருடைய வலது கை தானாக ஒரு சக்கரத்தைத் திருப்புவது மாதிரி அசைந்தது. "அப்ப நான் மூடியிருக்கேன்." அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நான் மூடியிருக்கேண்டி." பிறகு சுவரோரமாக மெதுவாக உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவ்வளவு உயரமான மனிதர் ஒரு கூடை அளவுக்குச் சுருங்கிப்போனார். தோள் குலுங்கியது.

அண்ணி அழவில்லை. "அந்த வாளையக் கொண்டுவந்து உன் கால்கிட்ட வெச்சேனே" என்றாள். "குஞ்சா நுழைஞ்சுச்சுன்னு சொன்னியே."

"ஆமாண்ணி."

"அண்ணின்னு சொல்லாத." கரண்டியைக் கீழே வைத்தாள். "போ. இந்த வாசல்ல நிக்காத."

அவள் குடையை நிலையில் சாத்திவிட்டு, நேராக நீர் அலுவலகத்துக்கு நடந்தாள். வழியில் கால் இரண்டு தடவை தம்பி வீட்டுப் பக்கம் திரும்பியது. அவள் திரும்பவில்லை.

அதிகாரி முழுவதையும் கேட்டார். நடுவில் எதுவும் எழுதவில்லை. முடிவில், "அன்னைக்கே கேட்டேனே" என்றார்.

"கேட்டீங்க மேடம்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா அடித்தண்ணிய வடிச்சுவிட்டிருக்கலாம். ஓரத்துல கொஞ்சம் கெண்டை அப்ப உயிரோடதான் இருந்துச்சு. நானே பாத்தேன். ஒரு சுத்துச் சந்துல இவ்வளவு உப்பு வராது, மதகுலயும் ஒழுக்கு இருக்குன்னு நெனச்சு, அத ரிப்பேர் பாக்கிறதுலயே பத்து நாள் போச்சு."

இது அவளுக்குத் தெரியாது. மௌனமாக இருந்ததால் மீன் ஒன்றும் புதிதாகச் சாகவில்லை, மனுஷனுக்குத்தான் கேடு என்று எண்ணியிருந்தாள். அதுவும் இல்லை என்று ஆயிற்று. சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தாள். கை லேசாகும் என்று எதிர்பார்த்தாள், ஆகவில்லை.

அவள் வேலை போயிற்று. தம்பியின் படகை ஒரு பருவம் கரையில் ஏற்றிக் கட்டிப்போட்டார்கள். அவன் அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்று, "யாருக்கா உன்னக் கேட்டா? வாயத் தொறக்கலன்னு யாரு அழுதா?" என்று கத்தினான். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். "என்னைக் காப்பாத்தத் திறந்தேன்னு ஊருக்குச் சொல்லிட்டே. நான் என்ன தீயிலயா நின்னேன்? மீனக் கொட்டுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கொட்டியிருக்க மாட்டேனா?"

கொட்டியிருப்பான். முணுமுணுத்துக்கொண்டாவது கொட்டியிருப்பான். அவனுக்கும் சேர்த்து அவள்தான் ஒரு பழியைத் தேடிக் கொடுத்திருக்கிறாள். அத்தனைக்கும் அந்தப் படகிலிருந்து மணல்தொட்டிக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது மூன்று கூடை. மீதி எல்லாம் வழியிலேயே கருகிவிட்டது.

நெட்டையரை மறுபடி மதகுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரியம்மாள் அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார். வரிசையில் சிரித்தவர்கள் ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் போனார், ஒரு பருவம் வேலை பார்த்தார். ஆனால் மதகை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவது நிற்கவில்லை என்று கேள்வி. அடுத்த பருவத்தில் தானாகவே நின்றுகொண்டார். உண்மை தெரிந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். சிலது ஆயிற்று. அது ஆகவில்லை.

மேட்டு ஓடையில் மணிக்கெண்டைக் குஞ்சுகள் கொஞ்சம் பிழைத்திருந்தன. மழை ஏரியைக் கழுவிவிட்ட பிறகு, அவற்றைப் பானையில் சுமந்து வந்து ஏரியில் விடும் வேலையை அதிகாரி ஆரம்பித்தார். மதகுக்காரியை யாரும் கூப்பிடவில்லை. அவளாகப் போய்ப் பானையைத் தூக்கிக்கொண்டாள். ஒரு நடைக்கு இரண்டு மணி நேரம். மற்ற பெண்கள் முன்னாலோ பின்னாலோ கூட்டமாகப் பேசிக்கொண்டு நடந்தார்கள், அவள் தனியே நடந்தாள். தண்ணீர் தளும்பினால் குஞ்சுகள் பயந்து செத்துப்போகும் என்பதால் கால் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. மனசு வேறெங்கும் போக முடியாத அந்த இரண்டு மணி நேரம் மட்டும்தான் அவளுக்கு நிம்மதி.

பிழைப்புக்குத் துறையில் மீன் அலசும் கொட்டகையில் சேர்ந்தாள். கடல் மீன்களைக் கழுவி, தரம் பிரித்து, வருபவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை. மூன்று மேஜை, மேஜைக்கு ஒரு வரிசை. அவள் மேஜைக்கு முதலில் ஆளே வரவில்லை. பிறகு மற்ற வரிசைகள் நீளமாக இருக்கும்போது சிலர் வந்தார்கள். தம்பி மனைவி வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. தம்பி வரவில்லை. அண்ணி வாரத்துக்கு இரண்டு தடவை வருவாள். ஓரத்து மேஜையில் நின்று, இந்தப் பக்கம் திரும்பாமல் வாங்கிக்கொண்டு போவாள். அந்த நேரம் முழுக்க மதகுக்காரி குனிந்தே வேலை செய்வாள்.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று.

ஒரு காலையில் கொட்டகை ஏறக்குறையக் காலியாக இருந்தது. மற்ற இரண்டு மேஜையிலும் ஆளே நிற்கவில்லை. நெட்டையர் கொட்டகை வாசலில் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். மூன்று மேஜையையும் பார்த்தார். நேராக வந்து அவள் மேஜைமுன் நின்றார்.

அவள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"தலைகீழான் இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணே. இன்னைக்கு வந்தது."

"நாலு குடு. பேத்தி வந்திருக்கா."

நல்லதாக நாலு பொறுக்கிச் செதிலைச் சுரண்டி, கழுவி, இலையில் சுற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணி வரலையா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்பது ஞாபகம் வந்தது.

நெட்டையர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அவ இந்த மேஜைக்கு வரமாட்டாம்மா" என்றார். கோபமில்லாமல் சொன்னார், உள்ளதை உள்ளபடி.

"சரிண்ணே."

"நான் வருவேன். செவ்வாய்க்கிழமை வாக்கில வருவேன்."

அவர் மறுபடி தலையைக் குனிந்து வாசலைத் தாண்டிப் போனார். அவள் கையை ஈரத்துணியில் துடைத்தாள். கண்ணையும் அதிலேயே துடைத்ததால் மீன்வாடை முகமெல்லாம் ஏறிக்கொண்டது. அடுத்து வந்து நின்ற பெண், "என்னக்கா, தீச்சாளை கண்ணுல பட்டுருச்சா?" என்று கேட்டுக்கொண்டே கூடையை நீட்டினாள்.